இரைப்பைப் புழுவும் நிலமற்றோரின் ஆடுகளும்: தடுப்பூசி யாரைச் சென்றடையும்?

இந்திய அரசமைப்புச் சட்டத்தின் 48ஆவது உறுப்பு குறித்து நாட்டில் நடக்கும் விவாதங்கள் அனைத்தும் அதன் பிற்பாதியைப் பற்றியவையே. பசுவையும் கன்றையும் கறவை மாடுகளையும் உழவு மாடுகளையும் கொல்வதைத் தடை செய்ய அரசு முயல வேண்டும் என்னும் அந்தப் பிற்பாதியைக் காட்டித்தான் மாநிலந்தோறும் சட்டங்கள் இயற்றப்பட்டன. அதைக் காட்டித்தான் நெடுஞ்சாலைகளில் தலித்துகளும் இசுலாமியர்களும் அடித்துக் கொல்லப்பட்டனர். அதே உறுப்பின் முற்பாதி என்ன சொல்கிறது? வேளாண்மையையும் கால்நடை வளர்ப்பையும் நவீன, அறிவியல் வழியில் ஒழுங்கமைக்க அரசு முயல வேண்டும் என்கிறது. அந்த முற்பாதியை எந்த அமைப்பும் பதாகையில் எழுதித் தெருவுக்கு வந்ததில்லை. நமது இயக்கங்களும் அதை உரிமைக்கான ஆயுதமாகக் கையில் எடுத்ததில்லை.

இக்கட்டுரை அந்த முற்பாதியைப் பற்றியது. இன்னும் குறிப்பாகச் சொன்னால், ஓர் ஆட்டின் இரைப்பையில் ஒட்டிக்கொண்டு ரத்தம் குடிக்கும் இரண்டு மூன்று சென்டிமீட்டர் நீளமுள்ள புழுவையும், அதற்கு எதிராக உலகில் ஏற்கெனவே உருவாக்கப்பட்டுவிட்ட ஒரு தடுப்பூசியையும் பற்றியது. தலித் உரிமை பேசும் தளத்தில் ஆட்டுப் புழுவுக்கு என்ன இடம் என்று தோழர்கள் கேட்கலாம். நிலமற்ற ஒரு குடும்பத்தின் ஒரே அசையும் சொத்து நான்கு வெள்ளாடுகளாக இருக்கும்போது, அந்த ஆடுகளின் சாவு பொருளாதாரக் கேள்வி. அந்தச் சாவு தடுக்கக்கூடியதாக இருந்தும் தடுக்கப்படவில்லை எனில் அது அரசியல் கேள்வி.

யாருடைய சொத்து?

2019ஆம் ஆண்டின் 20ஆவது கால்நடைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் ஏறத்தாழ 14.9 கோடி வெள்ளாடுகளும் 7.4 கோடி செம்மறியாடுகளும் உள்ளன. தமிழ்நாட்டில் மட்டும் ஏறத்தாழ 99 லட்சம் வெள்ளாடுகளும் 45 லட்சம் செம்மறியாடுகளும் இருக்கின்றன. இந்தியாவின் மக்கள்தொகையில் பட்டியல் சாதியினர் 2011 கணக்கெடுப்பின்படி 16.6 விழுக்காடு, தமிழ்நாட்டில் 20 விழுக்காடு. ஆனால் 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி நாட்டின் மொத்தச் சாகுபடிப் பரப்பில் அவர்கள் கையில் இருப்பது 9 விழுக்காட்டுக்கும் குறைவு. நிலம் மறுக்கப்பட்ட மக்களுக்குச் சேமிப்பு என்பது வேறு வடிவங்களில்தான் சாத்தியமாகிறது. வெள்ளாடு அவற்றுள் முதன்மையானது.

ஆட்டைப் "பெட்டியில் பூட்டாத பணம்" என்று சொல்லலாம். மருத்துவமனைச் செலவா, ஒன்றை விற்கலாம். கல்லூரிக் கட்டணம் கட்டக் கடைசி நாளா, இரண்டை விற்கலாம். இக்கட்டுரையைப் படிக்கும் மாணவர்கள் பலரின் முதலாண்டுக் கட்டணம் வீட்டிலிருந்து சந்தைக்கு ஓட்டிச் செல்லப்பட்ட ஆட்டிலிருந்து வந்ததாக இருக்கக்கூடும். கந்துவட்டிக்காரரின் வாசலுக்குப் போகாமல் ஒரு தலித் பெண்ணால் தன் விருப்பப்படி, யாரிடமும் கையொப்பம் கேட்காமல் பணமாக்கக்கூடிய சொத்து அது ஒன்றே.

இந்த உண்மையை அரசும் அறிந்திருந்தது. 2011 செப்டம்பர் 15 அன்று அன்றைய முதல்வர் ஜெயலலிதா தொடங்கிவைத்த விலையில்லா ஆடுகள் வழங்கும் திட்டத்தில், ஐந்தாண்டுகளில் 7 லட்சம் ஏழைக் குடும்பங்களுக்குத் தலா நான்கு ஆடுகள் என்று இலக்கு வைக்கப்பட்டது. பயனாளிகள் நிலமற்ற கிராமப்புறப் பெண்கள். 2021இல் ஆட்சி மாறிய பின்னரும் கணவரை இழந்த, கைவிடப்பட்ட, ஆதரவற்ற பெண்களுக்குத் தலா ஐந்து ஆடுகள் வழங்கும் திட்டம் அறிவிக்கப்பட்டது. கட்சிகள் மாறினாலும் ஆட்டின் மீதான நம்பிக்கை மாறவில்லை. ஆனால் ஆட்டைக் கொடுத்த அரசு, அது எங்கே மேயும், எதனால் சாகும் என்ற இரு கேள்விகளுக்கும் விடை சொல்லவில்லை.

புழு என்ன செய்கிறது?

ஆட்டின் நான்கு அறை இரைப்பையில் நான்காவது அறையில் வாழும் இப்புழுவின் அறிவியல் பெயர் ஹீமாங்கஸ் கன்டார்டஸ். பெண் புழுவின் ரத்தம் நிறைந்த சிவந்த குடலைச் சுற்றி வெண்ணிறச் சூலகம் முறுக்கிக் கிடக்கும். மேலை நாட்டு முடிதிருத்தும் கடைகளின் வாசலில் நிற்கும் சிவப்பு வெள்ளைக் கம்பத்தைப் போன்ற தோற்றத்தால் ஆங்கிலத்தில் அக்கம்பத்தின் பெயராலேயே அதை அழைக்கின்றனர்.

ஒரு புழு நாளொன்றுக்கு ஏறத்தாழ 0.05 மில்லி லிட்டர் ரத்தத்தை இழக்கச் செய்கிறது. சிறிய அளவுதான். ஆனால் ஓர் ஆட்டில் ஆயிரம் புழுக்கள் இருந்தால் நாளொன்றுக்கு 50 மில்லி லிட்டர். ஐயாயிரம் இருந்தால் கால் லிட்டர். இருபது கிலோ எடையுள்ள வெள்ளாட்டின் உடலில் ஓடும் மொத்த ரத்தமே ஒன்றரை லிட்டருக்கும் குறைவு. கண்ணிமையின் உட்புறம் வெளுக்கும். தாடைக்குக் கீழே நீர் கோத்துப் பை போலத் தொங்கும். கழிச்சல் பெரும்பாலும் இருக்காது என்பதால் நோய் என்றே பலருக்குத் தோன்றாது. மழைக்காலத்தில் ஒரு நாள் காலை ஆடு எழுந்திருக்காது. "மழை ஒத்துக்கொள்ளவில்லை" என்று சொல்லிப் புதைத்துவிடுவார்கள்.

ஒரு பெண் புழு நாளொன்றுக்கு ஐயாயிரம் முதல் பத்தாயிரம் முட்டைகளை இடுகிறது. அவை புழுக்கையோடு வெளியேறி, ஈரமும் வெப்பமும் இருந்தால் ஒரு வாரத்துக்குள் தொற்றும் தகுதியுள்ள இளம்புழுக்களாகி, பனியும் மழைநீரும் படிந்த புல்லின் மீது ஏறுகின்றன. ஆடு அப்புல்லை மேய்கிறது. மூன்று வாரத்தில் மறுபடி முட்டை. வடகிழக்குப் பருவமழை பெய்யும் ஐப்பசி, கார்த்திகை மாதங்கள் இப்புழுவுக்கு மிகவும் உகந்த காலம்.

மருந்து தோற்ற கதை

புழுவுக்கு மருந்து இருக்கிறதே என்பது இயல்பாக எழும் கேள்வி. இருக்கிறது, ஆனால் அது தேய்ந்துகொண்டே வருகிறது. 1961இல் தயாபெண்டசோல் என்னும் மருந்து சந்தைக்கு வந்தது. சில ஆண்டுகளுக்குள்ளேயே, 1964இல், அதற்கு அடங்காத புழுக்கள் பதிவாகிவிட்டன. 1981இல் ஐவர்மெக்டின் வந்தது. அதைக் கண்டறிந்தவர்களுக்கு 2015இல் நோபல் பரிசும் கிடைத்தது. ஆனால் அம்மருந்துக்கு அடங்காத இரைப்பைப் புழுக்கள் பரிசுக்கு நெடுங்காலம் முன்பே உலகின் பல பகுதிகளில் பரவிவிட்டன. தமிழ்நாட்டின் ஆட்டுப் பண்ணைகளிலும் பெண்டசோல் வகை மருந்துகளுக்கு எதிர்ப்புப் பெற்ற புழுக்கள் ஆய்வுகளில் பதிவாகியுள்ளன.

இதற்குக் காரணம் பெரும்பாலும் மருந்து கொடுக்கப்படும் முறை. முகாமில் எடை பார்க்காமல், எல்லா ஆட்டுக்கும் ஒரே அளவில், ஆண்டுதோறும் ஒரே வகை மருந்தை ஊற்றினால் வலுவற்ற புழுக்கள் மட்டும் சாகின்றன. வலுவுள்ளவை பெருகுகின்றன. வெள்ளாட்டின் உடல் செம்மறியைவிட விரைவாக இம்மருந்துகளைச் சிதைத்து வெளியேற்றுகிறது. எனவே செம்மறிக்கான அளவை வெள்ளாட்டுக்குக் கொடுப்பது புழுவுக்குப் பயிற்சி கொடுப்பதாகும். நிலமற்ற பெண் தன் கூலியில் மிச்சம் பிடித்து மருந்துக்கடையில் வாங்கும் பாட்டில், சில வேளைகளில் அவர் ஆட்டின் வயிற்றில் இருக்கும் புழுவை ஒன்றும் செய்வதில்லை. இழப்பு அவருக்கு இரட்டிப்பு: மருந்துக்குச் செலவான பணமும் போகிறது, ஆடும் போகிறது.

தடுப்பூசி: சாதனையும் எல்லையும்

இச்சூழலில்தான் 2014இல் ஆஸ்திரேலியாவில் ஒரு தடுப்பூசி விற்பனைக்கு வந்தது. அதன் பெயர் பார்பர்வாக்ஸ். ஸ்காட்லாந்தின் மோர்டன் ஆய்வு நிறுவனமும் மேற்கு ஆஸ்திரேலிய வேளாண் துறையும் இணைந்து உருவாக்கியது. குடலில் வாழும் உருளைப்புழு ஒன்றுக்கு எதிராக ஆடுகளுக்கு வணிக அளவில் கிடைத்த முதல் தடுப்பூசி அதுவே. பின்னர் தென்னாப்பிரிக்காவிலும் வேறு பெயரில் பதிவு செய்யப்பட்டது.

அது செயல்படும் விதம் வியப்புக்குரியது. புழுவின் குடல் உட்சுவரில் உள்ள புரதங்களைப் பிரித்தெடுத்து ஆட்டுக்கு ஊசியாகப் போடுகின்றனர். ஆட்டின் உடல் அப்புரதத்துக்கு எதிரான பொருள்களை ரத்தத்தில் உண்டாக்குகிறது. புழு ரத்தம் குடிக்கும்போது அவற்றையும் சேர்த்துக் குடிக்கிறது. அதன் குடல் தாக்கப்பட்டு, செரிமானம் கெட்டு, முட்டையிடுவது குறைந்து மடிகிறது. குடிக்கும் ரத்தமே புழுவுக்கு நஞ்சாகிறது. மருந்துக்கு அடங்காத புழுவையும் இது தாக்கும்.

ஆயினும் இத்தடுப்பூசியின் எல்லைகளை மறைத்துப் பேசுவது மக்களுக்குச் செய்யும் நன்மையாகாது. முதலாவதாக, இப்புரதம் புழுவின் குடலுக்குள் மறைந்திருப்பதால் இயற்கையாகப் புழு தொற்றும்போது ஆட்டின் உடல் அதைச் சந்திப்பதில்லை. ஆகவே ஊசியின் ஆற்றல் தானாகப் புதுப்பிக்கப்படுவதில்லை. தொடக்கத்தில் மூன்று நான்கு வார இடைவெளியில் மூன்று ஊசிகளும், அதன்பின் ஆறு வாரத்துக்கு ஒன்றும் போட வேண்டியிருக்கிறது. குட்டிகளுக்கு ஒரு பருவத்தில் ஐந்து ஊசிகள். இரண்டாவதாக, இந்த ஒரு வகைப் புழுவையே இது கட்டுப்படுத்துகிறது. ஆட்டின் குடலில் வாழும் பிற புழுக்களுக்கு இது தீர்வல்ல. மூன்றாவதாக, ஆஸ்திரேலியாவில் இது செம்மறியாடுகளுக்காகவே பதிவு செய்யப்பட்டது. நான்காவதாக, அப்புரதத்தை ஆய்வகத்தில் செயற்கையாகத் தயாரிக்கும் முயற்சிகள் இயற்கைப் புரதத்துக்கு இணையான பாதுகாப்பைத் தரவில்லை. எனவே புழு தொற்றிய ஆடுகளை அறுத்து, அவற்றின் இரைப்பையிலிருந்து புழுக்களைச் சேகரித்தே இன்றும் தடுப்பூசி தயாரிக்கப்படுகிறது.

இந்நான்கு எல்லைகளையும் கூர்ந்து பார்த்தால் ஓர் உண்மை புலப்படும். ஆயிரக்கணக்கான செம்மறிகளை வேலியிட்ட புல்வெளியில் வளர்க்கும் பண்ணையாளருக்காக வடிவமைக்கப்பட்ட கருவி இது. ஆறு வாரத்துக்கு ஒருமுறை எல்லா ஆடுகளையும் பட்டியில் அடைத்து ஊசி போடுவது அவருக்கு எளிது. தெருவோரத்தில் நான்கு வெள்ளாடுகளை மேய்க்கும் கூலிப் பெண்ணுக்கு ஒவ்வோர் ஊசியும் ஒரு நாள் கூலியை இழப்பதாகும். அறிவியல் தன்னளவில் சாதி பார்ப்பதில்லைதான். ஆனால் எந்தக் கேள்விக்கு விடை தேடுவது, யாருடைய ஆட்டுக்காகத் தேடுவது என்பதைச் சொத்துடையவர்களின் தேவையே தீர்மானிக்கிறது.

புழுவின் கணக்கு நிலத்தின் கணக்கு

வெள்ளாடு இயல்பில் புல் மேயும் விலங்கன்று. தலையை நிமிர்த்தி, முன்கால்களைத் தூக்கி, வேலி முள்ளையும் கருவேல இலையையும் புதர்த் தழையையும் கொறித்து வாழும் விலங்கு. இளம்புழுக்களோ தரையிலிருந்து ஒரு சாண் உயரம்கூட ஏறுவதில்லை. பெரும்பாலானவை அடிப்புல்லில் இரண்டு அங்குலத்துக்குள்தான் இருக்கும். ஆகவே தழை மேயும் வெள்ளாட்டுக்குப் புழு குறைவாகவே தொற்றியது. அதனால்தான் செம்மறி பெற்றுள்ள அளவுக்குப் புழுவை எதிர்க்கும் ஆற்றலை வெள்ளாட்டின் உடல் பெறவில்லை என்று விளக்கப்படுகிறது.

புதர்க்காடும் மேய்க்கால் புறம்போக்கும் இல்லாமல் போகும்போது என்ன நிகழும்? வெள்ளாடு குளக்கரையிலும் வாய்க்கால் ஓரத்திலும் சாலை விளிம்பிலும் மொட்டையாக மேயப்பட்ட ஈரப்புல்லைத் தரையோடு தரையாக மேயத் தள்ளப்படுகிறது. ஊரின் எல்லா ஆடுகளும் அதே துண்டு நிலத்தில் புழுக்கை போடுகின்றன. அதே நிலத்தில் மறுபடியும் மேய்கின்றன. புழுவுக்கு இதைவிட வாய்ப்பான ஏற்பாடு வேறில்லை. சேரிகள் பெரும்பாலும் ஊரின் தாழ்வான, நீர் தேங்கும் பகுதிகளில் அமைக்கப்பட்டவை என்பதையும் இதனோடு சேர்த்துப் பாருங்கள். நிலம் யார் கையில் இருக்கிறது என்ற கேள்விக்கான விடை ஆட்டின் இரைப்பையிலும் எழுதப்பட்டிருக்கிறது.

பஞ்சமி நிலத்தை நமக்கு மறுத்தவர்கள் பொதுநிலத்தையும் விட்டுவைக்கவில்லை. இது குறித்துச் சட்டம் தெளிவாகவே பேசியிருக்கிறது. 2011 ஜனவரி 28 அன்று ஜக்பால் சிங் எதிர் பஞ்சாப் மாநிலம் வழக்கில் உச்ச நீதிமன்றம், கிராமப் பொதுநிலங்களை ஆக்கிரமித்தவர்களை அகற்றி அவற்றைக் கிராம மக்களின் பொதுப் பயன்பாட்டுக்கு மீட்க எல்லா மாநிலங்களும் திட்டம் வகுக்க வேண்டும் என ஆணையிட்டது. ஆக்கிரமிப்பு நீண்ட காலமாக இருக்கிறது, கட்டடத்துக்குப் பெருஞ்செலவு ஆகிவிட்டது, அரசியல் செல்வாக்கு இருக்கிறது என்பவை அதை முறைப்படுத்தக் காரணமாகா என்றும் கூறியது. அரசு அறிவிக்கையின்படி நிலமற்ற தொழிலாளர்களுக்கோ பட்டியல் சாதி, பழங்குடியினருக்கோ குத்தகை வழங்கப்பட்டிருந்தால் அது விதிவிலக்காகக் கருதப்படலாம் என்பதையும் அத்தீர்ப்பு சொல்கிறது. இதே தீர்ப்பைக் காட்டி நிலமற்றோரின் குடிசைகளுக்கு வெளியேற்ற அறிவிப்பு வந்தால், நமது வழக்குரைஞர்கள் எடுத்துவைக்க வேண்டியது இந்த விதிவிலக்கையே.

அடுத்தது வன்கொடுமைத் தடுப்புச் சட்டம். 2015இல் திருத்தப்பட்டு 2016 ஜனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்த அச்சட்டத்தின் 3(1)(இசட்.ஏ) பிரிவு, ஒரு பகுதியின் பொதுச் சொத்து வளங்களைப் பிறருக்குச் சமமாகப் பட்டியல் சாதியினர் பயன்படுத்துவதைத் தடுப்பதை வன்கொடுமை என்கிறது. ஆறு, குளம், கிணறு, நீர்நிலை, பாதை ஆகியவற்றையும் அப்பிரிவு பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. பொது மேய்ச்சல் நிலத்தில் சேரி ஆடு நுழையக்கூடாது என்று தடுப்பதும், பொதுக்குளத்தில் அதைத் தண்ணீர் குடிக்க விடாமல் விரட்டுவதும் இப்பிரிவின் கீழ் வழக்குப் பதியத்தக்கவை. "ஆட்டுத் தகராறு" என்று எழுதி முடிக்கப்படும் மனுக்களை இந்தக் கண்ணோட்டத்தில் நாம் மீண்டும் படிக்க வேண்டும்.

வார ஆடும் காதுத் தோடும்

நிலத்தில் குத்தகை இருப்பது போலவே ஆட்டிலும் ஒரு குத்தகை இருக்கிறது. அதற்கு "வாரம்" என்று பெயர். ஆட்டின் உரிமையாளர் ஒருவர், வளர்ப்பவர் இன்னொருவர். ஈனும் குட்டிகளை இருவரும் பங்கிட்டுக்கொள்வர். கையில் பணமில்லாத தலித் குடும்பங்கள் பல வாரத்துக்கு ஆடு பிடித்து வளர்த்தே தமக்கென ஓர் ஆட்டைச் சேர்க்கின்றன.

இப்போது அரசின் காப்பீட்டைப் பாருங்கள். தேசியக் கால்நடை இயக்கத்தின் காப்பீட்டில் பயனாளி செலுத்த வேண்டிய பங்கை 15 விழுக்காடாகக் குறைக்க 2024 பிப்ரவரியில் ஒன்றிய அமைச்சரவை முடிவெடுத்தது. வரவேற்கத்தக்கதே. ஆனால் காதில் அடையாளத் தோடு போடப்பட்ட ஆட்டுக்கு, அதன் உரிமையாளராகப் பதிவானவருக்கே இழப்பீடு. வாரத்துக்கு வளர்த்தவரின் உழைப்புக்கு அந்த ஆவணத்தில் இடமில்லை. ஆடு செத்தால் உரிமையாளருக்கு இழப்பீடு கிடைக்கலாம். வளர்த்தவருக்குப் பழிதான் மிஞ்சும். "நீ ஒழுங்காகப் பார்க்கவில்லை" என்ற பழி கடனாக மாறுவதும், கடன் அடிமை உழைப்பாக மாறுவதும் நம் ஊர்களில் புதிய கதையல்ல. காவிரிப் படுகை மாவட்டங்களில் கிடை மேய்க்க அடமானம் வைக்கப்பட்ட சிறுவர்கள் மீட்கப்படும் செய்திகள், 1976ஆம் ஆண்டின் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் வந்து அரை நூற்றாண்டு ஆகும் நிலையிலும் நிற்கவில்லை.

ஆகவே நாளை இரைப்பைப் புழுத் தடுப்பூசி இந்தியாவுக்கு வந்தால், அது உரிமையாளர் பெயரைக் கேட்டுப் போடப்படுமா, ஆட்டைக் கையில் பிடித்திருப்பவரைப் பயனாளியாக ஏற்றுப் போடப்படுமா என்பது தொழில்நுட்பக் கேள்வியன்று, உரிமைக் கேள்வி.

அரசால் முடியாதா?

முடியும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே சான்று இருக்கிறது. ஆட்டுக்கொல்லி நோய் இந்தியாவில் முதன்முதலாக 1987இல் இன்றைய விழுப்புரம் மாவட்டத்தின் அரசூரில்தான் கண்டறியப்பட்டது. அங்கே பிரித்தெடுக்கப்பட்ட வைரசிலிருந்தே தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் "அரசூர் 87" என்னும் தடுப்பூசியை உருவாக்கியது. 1932இல் நிறுவப்பட்ட இராணிப்பேட்டை நிலையம் கால்நடைத் தடுப்பூசிகளைப் பொதுத்துறையில் தயாரித்து வருகிறது. ஆட்டுக்கொல்லி நோயை 2030க்குள் உலகிலிருந்தே ஒழிப்பது என்ற இலக்கை நோக்கி இந்தியாவும் தடுப்பூசி போட்டு வருகிறது. மாட்டுக்கு வந்த வெக்கை நோய் உலகிலிருந்து ஒழிந்துவிட்டதாக 2011இல் அறிவிக்கப்பட்டதில் இந்தியக் கால்நடைத் துறைக்கும் பங்குண்டு.

புழுவுக்கு எதிரான தடுப்பூசியும் இந்திய அறிவியலுக்குப் புதிதன்று. 1970களிலும் 80களிலும் காஷ்மீரில் செம்மறியாடுகளின் நுரையீரல் புழுவுக்கு எதிராக, கதிர்வீச்சால் வலுவிழக்கச் செய்யப்பட்ட இளம்புழுக்களைக் கொண்ட தடுப்பூசி தயாரிக்கப்பட்டு மந்தைகளுக்கு வழங்கப்பட்டது. அன்று பொதுத்துறை ஆய்வகத்தால் முடிந்தது இன்று ஏன் முடியாது?

காரணம் சட்ட அமைப்பிலேயே இருக்கிறது. 2009ஆம் ஆண்டின் விலங்குகளின் தொற்றுநோய்கள் தடுப்புச் சட்டத்தின் அட்டவணையில் இரைப்பைப் புழு நோய் இல்லை. அந்த அட்டவணை, வணிகத்தையும் ஏற்றுமதியையும் பாதிக்கும் நோய்களை மனத்தில் வைத்து உருவானது. ஒரே நாளில் நூறு ஆடுகள் செத்தால் செய்தியாகும். துறை ஓடி வரும். நூறு குடும்பங்களில் மாதத்துக்கு ஒன்றாகச் செத்தால் அது செய்தியுமன்று, நோயுமன்று. அந்தக் குடும்பங்களின் தலைவிதி. மெல்லக் கொல்லும் நோய்களை ஏழைகளின் கவனக்குறைவாகப் பார்க்கும் இதே பார்வைதான் மனிதர்களின் ரத்தசோகையிலும் காசநோயிலும் வெளிப்படுகிறது.

கால்நடை நோய்த்தடுப்பு, அரசமைப்புச் சட்டத்தின் ஏழாம் அட்டவணையில் மாநிலப் பட்டியலின் 15ஆவது இனம். எனவே ஒன்றிய அரசைக் காட்டி மாநில அரசு விலகிக்கொள்ள வழியில்லை. பட்டியல் சாதியினர், பழங்குடியினரின் பொருளாதார நலன்களைத் தனிக் கவனத்துடன் மேம்படுத்த வேண்டும் என்னும் 46ஆவது உறுப்பையும் 48இன் முற்பாதியையும் சேர்த்துப் படித்தால் அரசின் கடமை இன்னும் தெளிவாகும். வழிகாட்டு நெறிகளை நேரடியாக நீதிமன்றத்தில் நிலைநாட்ட முடியாது என்பது உண்மை. ஆனால் வாழ்வாதாரம் 21ஆவது உறுப்பின் உயிர்வாழும் உரிமையில் அடங்கும் என்று 1985இல் ஓல்கா டெலிஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியபோது, வழிகாட்டு நெறிகளின் துணையோடுதான் அம்முடிவுக்கு வந்தது.

நமக்குள் எழும் மறுப்பு

அரசிடமிருந்து வரும் மறுப்பைவிட நமது இயக்கத்துக்குள் எழும் மறுப்பே முக்கியமானது. "ஆட்டைக் கொடுத்து நம் மக்களைக் கிராமத்திலேயே கட்டிப்போடுகிறார்கள். அம்பேத்கர் கிராமத்தைச் சாதியின் குகை என்றுதானே கண்டார்? நாம் கேட்க வேண்டியது கல்வி, நகரம், தொழில், நிலம். ஆட்டுக்கு ஊசியன்று" என்பது அம்மறுப்பு.

இதில் உண்மை இருக்கிறது. நான்கு ஆடுகள் நிலச் சீர்திருத்தத்துக்கு ஈடாகா. விலையில்லா ஆடு, மறுக்கப்பட்ட இரண்டு ஏக்கருக்கு மாற்றாகக் காட்டப்படும்போது அதை நாம் எதிர்த்தே ஆக வேண்டும். ஆனால் கிராமத்தை விட்டு வெளியேறுவதற்கும் கைமுதல் தேவை. பேருந்துக் கட்டணம், விடுதிக் கட்டணம், முதல் மாத வாடகை, தேர்வுக் கட்டணம் ஆகியவை எங்கிருந்து வருகின்றன? பல வீடுகளில் ஆட்டிலிருந்து வருகின்றன. ஆடு சாகும் வீட்டில் பெண் பிள்ளையின் படிப்பு முதலில் நிற்கிறது. ஆட்டைக் காப்பது மக்களை ஆட்டோடு கட்டிப்போடுவதாகாது. தாம் விரும்பும் நாளில், விரும்பும் விலைக்கு அதை விற்றுவிட்டு வெளியேறும் உரிமையைக் காப்பதாகும்.

என்ன கேட்பது?

தடுப்பூசி வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. தடுப்பூசிக்காகக் குரல் கொடுக்காமல் இருக்கவும் கூடாது. இரண்டையும் ஒருசேரச் செய்யலாம்.

முதலாவது, ஆய்வுக்கான கோரிக்கை. நம் வெள்ளாட்டு இனங்களுக்கும் நம் பருவமழைக்கும் ஏற்ற, குறைந்த தவணைகளில் பயன் தரும் இரைப்பைப் புழுத் தடுப்பூசியை உருவாக்கும் ஆய்வைப் பொதுத்துறையில் தொடங்க வேண்டும். 2024இல் தமிழ்நாடு சட்டமன்றம் நிறைவேற்றிய ஆதிதிராவிடர், பழங்குடியினர் மேம்பாட்டுச் செயல்திட்டச் சட்டத்தின் கீழ்க் கால்நடைத் துறை காட்டும் செலவுக் கணக்கில், நிலமற்ற பெண்களின் ஆடுகளுக்கான நோய்த்தடுப்பு ஒரு தனி இனமாக இடம்பெற வேண்டும்.

இரண்டாவது, இன்று கையில் இருக்கும் எளிய அறிவு. தென்னாப்பிரிக்காவில் உருவான "பமாச்சா" என்னும் ஐந்து நிற அட்டையைக் கொண்டு ஆட்டின் கண்ணிமையைப் புரட்டிப் பார்த்தே ரத்தசோகையை அறியலாம். வெளுத்த ஆட்டுக்கு மட்டும் மருந்து கொடுத்தால் செலவும் குறையும், மருந்துக்கு எதிர்ப்பு உருவாவதும் தாமதமாகும். எழுத்தறிவு தேவையில்லாத முறை இது. ஜார்க்கண்ட் போன்ற மாநிலங்களில் "பசு சகி" என்னும் கிராமப் பெண் பணியாளர்கள் ஆடுகளுக்குக் குடற்புழு நீக்கமும் தடுப்பூசியும் செய்கின்றனர். தமிழ்நாட்டில் ஒவ்வொரு சேரியிலும் ஒரு தலித் பெண் இப்பயிற்சியையும் ஊதியத்தையும் பெற வேண்டும். அவருக்கு ஊதியமின்றிச் "சேவை" என்ற பெயரில் மற்றொரு சுமையை ஏற்றக்கூடாது.

மூன்றாவது, முகாம் எங்கே நடக்கிறது என்ற கேள்வி. ஊர்த்தெருவில் நடக்கும் முகாமுக்குச் சேரி ஆடுகள் வர முடிகிறதா? குடியிருப்பு வாரியாக எத்தனை ஆடுகளுக்கு மருந்தும் ஊசியும் போடப்பட்டன என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் மாணவர்கள் கேட்கலாம். தீண்டாமையின் பேரில் ஒருவருக்குச் சேவை மறுப்பது 1955ஆம் ஆண்டின் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டத்தின் 6ஆவது பிரிவின்படி குற்றம். வாரத்துக்கு வளர்ப்பவரையும் முகாமிலும் காப்பீட்டிலும் பயனாளியாகப் பதிவு செய்ய அரசாணை வேண்டும் என்பதும் இதனோடு சேர்ந்த கோரிக்கை.

நான்காவது, நிலம். நம் ஊரின் அ-பதிவேட்டில் மேய்க்கால் புறம்போக்கு எனப் பதிவாகியுள்ள பரப்பு எவ்வளவு, இன்று தரையில் இருப்பது எவ்வளவு, மீதி யார் கையில் இருக்கிறது? இக்கணக்கை எடுத்து, ஆண்டுக்கு ஆறு முறை கூடும் கிராம சபையில் தீர்மானமாக வைக்க முடியும். தீர்மானத்தை ஏற்க மறுத்தால் அந்த மறுப்பே அடுத்த மனுவுக்கான ஆவணம்.

தடுப்பூசி ஆட்டின் உடலைக் காக்கும். ஆனால் தரையோடு ஒட்டிய ஈரப்புல்லைத் தவிர வேறெதையும் மேய விடாத நிலவுடைமையை எந்த ஊசியும் குணப்படுத்தாது. ஊசியைக் கேட்கும் மனுவிலேயே மேய்ச்சல் நிலத்தையும் சேர்த்துக் கேட்போம். ஊர்தோறும் அ-பதிவேட்டின் நகலுக்கு விண்ணப்பிப்பதை இந்த மழைக்காலத்துக்கு முன்பே தொடங்குவோம்.